எந்த நம்பர்?

தமிழில் வாதி என்றால் வழக்குப் போட்டவன்.
அரபியில் வறண்டு கிடக்கும் ஆறு.
வாதி அதாயில் நாங்கள் குடியிருந்த ஆறு வருடமும்
அதன் மணலில் லாரிகள் நின்றன,
வெள்ளிக்கிழமை பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள்.
அந்த இடம் யாருடையது என்று
யாரும் கேட்டதில்லை.

கடையின் பின்னறைதான் வீடு.
முன்னால் செத்த பிரிட்ஜுகள்,
பின்னால் வாப்பா, உம்மா, நான், கைக்குழந்தையாய் அசன்.
நடுவில் தொங்கிய தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம்
சிட்டகாங் பையன் ரொபியுல்
கம்ப்ரசரைத் தலையணையாக்கித் தூங்குவான்.

ரிப்பேருக்கு வரும் பெட்டி ஒவ்வொன்றுக்கும்
வாப்பா சிவப்பு பெயிண்டில் எண் போடுவார்.
கதவில் ஸ்டிக்கர்:
மீரா நெய்னா, ஏ.சி. பிரிட்ஜ் மெக்கானிக்,
கீழே ஒன்பதில் தொடங்கும் கைபேசி எண்.
மீரா என்பதைப் பார்த்துப் பெண்குரலை எதிர்பார்த்து
ஏமாந்தவர்களும் உண்டு.

இரண்டாயிரத்து ஏழு, ஜூன் ஆறு.
புயலுக்குக் கோனு என்று பெயர் வைத்திருந்தார்கள்.
ஓலைப்பை என்று அர்த்தமாம்.
காலையில் உம்மா அதற்குச் சிரித்தாள்.

மதியம் மலைக்குள் யாரோ
பாறைகளை உருட்டி விளையாடும் சத்தம்.
பிறகு தண்ணீர்.
தேயிலை நிறம், டீசல் வாசம்,
முதலில் என் செருப்பு, அடுத்து அடுப்பு,
அடுத்து என் இடுப்பு.

பக்கத்து ரொட்டிக் கடையின் மாடிப்படியில்
அசனைத் தோளில் போட்டு ஏறிய வாப்பா
பாதியில் திரும்பிக் கத்தினார்:
"ரொபியுல், ஷட்டரைத் தூக்கிவிடு!
சுவர் இடிஞ்சிரும், தண்ணி போகட்டும்!"

தூக்கினான்.
சொன்னதைச் செய்கிற பையன்.

ஒன்று, ஒன்பது, இருபத்திரண்டு...
கல்யாண வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் போல
நின்றவாக்கில் வெளியேறின பிரிட்ஜுகள்.
சில தெருமுனையில் திரும்பி எங்களைப் பார்த்தன.
நான் சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தேன்.
ஏழு வயது எனக்கு; எண்ணத்தான் தெரியும்.
நாற்பத்தாறோடு நிறுத்தினேன்.
அவனுக்கு எண் கிடையாது.

ஊரே மூழ்கிய பின்
குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை.
டேங்கர் வரிசையில் உம்மா நின்றாள்.
வாப்பா மட்டும் மூன்று நாள் சேற்றில் நடந்தார்,
ஆஸ்பத்திரி, போலீஸ், மறுபடி ஆஸ்பத்திரி.
"அப்பா பேர்?" என்றார்கள்.
அவருக்குத் தெரியவில்லை.
நாலு வருஷம் ஒரே சட்டியில் சோறு.

பன்னிரண்டாம் நாள் போன் வந்தது.
குரும் பக்கத்திலிருந்து ஒருவர்.
அலையாத்திக் காட்டில் உங்கள் பெட்டி நிற்கிறது,
உள்ளே நண்டு குடியிருக்கிறது என்று சிரித்தார்.
வாப்பா சிரிக்கவில்லை.
"எந்த நம்பர்?"
"பதினேழு."
நோட்டில் ஒரு டிக்.
பிறகு, உடைந்த அரபியில்,
"பக்கத்தில்... ஆள் யாராவது?"
"ஆளா? என்ன ஆள்?"
"ஒன்றுமில்லை. அல்லாஹ் உங்களுக்கு நல்லது செய்யட்டும்."

இப்படி ஒரு வருடம்.
பேரீச்சந் தோப்பிலிருந்து ஐந்து,
பள்ளிக்கூடச் சுவரிலிருந்து முப்பத்திரண்டு.
ஒவ்வொரு முறையும் அந்த இரண்டாவது கேள்வி.

சீட்டோடு வந்தவர்களுக்கெல்லாம் பணம் கொடுத்தார்.
உம்மாவின் காப்புகள் ஒவ்வொன்றாய்ப் போயின.
கிழவர் ஒருவர் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு
காவா கேட்டார்.
எங்களிடம் அப்போது டம்ளர் இல்லை.

சிட்டகாங்குக்கு மாதம் நாற்பது ரியால் போனது.
மூன்றாம் வருடம்
சம்பளத்தை நாற்பத்தைந்தாக உயர்த்தினார்.
உம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள்,
பிறகு வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள்.

கடை மாறியது, வீடு மாறியது.
அந்த எண்ணை மட்டும் அவர் மாற்றவில்லை.
போன வாரம் சாப்பிடும்போது அழைப்பு.
ஸ்பீக்கரில் ஒரு பெண்,
கிரெடிட் கார்டு விற்கிறவள்,
பெயரைச் சொல்லி வணக்கம் வைத்தாள்.

கறிக்கை அப்படியே நின்றது.
"எந்த நம்பர்?" என்றார் வாப்பா.